பூங்கொடியும் வீட்டுத் தோட்டமும்

பற்றிப் படரக் கொழுகொம்பு இன்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே ஈந்தான் பாரி என்பது தமிழர் மரபில் வழங்கிவரும் செய்தி. கொடிக்கு இரங்குவது தமிழர் நெஞ்சுக்கு இயல்பு. ஆயினும் கத்தரியும் வெண்டியும் மிளகாயும் வளரும் வீட்டுத் தோட்டத்தில் கொடி பற்றும் கொழுகொம்பு தேர் அன்று. பல வாரம் நீர் இறைத்து வளர்த்த பயிர். அதன்மேல் கொடி ஏறிவிட்டால் இலைக்கு வெயில் இல்லை. வேருக்குப் போதிய நீர் இல்லை. தண்டு பாரந் தாங்காது சாய்ந்துவிடும். வளவில் பறிக்கும் இரண்டு பிடி காய் ஒரு குடும்பத்தின் ஒரு வேளைக் கறி என்பதை எண்ணினால், இந்த இழப்பு சிறிதன்று.

கொடி தலைகாட்டியதும் கத்தியால் அறுத்தெறிவதும், கையில் அகப்பட்டதைப் பிடித்து இழுப்பதுமே பெரும்பாலான வீடுகளில் நடைபெறுவது. சில நாள் கழியுமுன் அதே இடத்தில் கொடி மீண்டும் தளிர்க்கும். கொடி எதைக் கொண்டு மீள்கிறது என்பதை அறியாமல் உழைத்ததே இதற்குக் காரணம். விதையால் மீள்வன, கணுவால் மீள்வன, கிழங்கால் மீள்வன எனப் பூங்கொடிகளை மூவகையாகப் பிரித்துக்கொண்டால், அவற்றை அடக்கும் வழியும் தெளிவாகும்.

முதல் வகைக்குச் சிறுதாளி நல்ல எடுத்துக்காட்டு. இதய வடிவ இலையும், வெளிறிய மஞ்சள் நிறமான புனல் போன்ற பூவும் உடையது அது. அதன் விதை வன்தோல் கொண்டது. சில விதைகள் அடுத்த மழையோடு முளைக்கும். ஏனையவை மண்ணுள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். ஆகவே, காய் முற்றுமுன் கொடியை அகற்றுதல் தலையாய கடமை. பாத்தி கட்டியவுடன் நாற்று நடாமல், நீர் இறைத்துப் பத்துப் பன்னிரண்டு நாள் விட்டுவைத்தால், மேல்மண்ணில் உள்ள களைவிதைகள் பல முளைத்துவிடும். அவற்றை உழவாரத்தால் மேலோட்டமாகச் செதுக்கிவிட்டுப் பின்னர் நாற்றை நடலாம். ஆழக் கொத்தினால் அடியில் உறங்கும் விதைகள் மேலே வந்து முளைக்கும். நட்டபின் வைக்கோலையோ காய்ந்த சருகையோ நாலு அங்குல மொத்தத்திற்கு, நாற்றின் தண்டைத் தொடாதவாறு பரப்பிவிடுதல் நன்று.

இரண்டாம் வகையைச் சேர்ந்தது, ஆங்கிலத்தில் 'ரெயில்வே கிரீப்பர்' எனப்படும் கொடி. விரல்களை விரித்தாற்போல் ஐந்தாகப் பிரிந்த இலையும் ஊதாப் பூவும் கொண்டு, புகையிரதப் பாதையோரங்களிலும் வேலிகளிலும் படர்வது. இதன் தண்டு மண்ணைத் தொடும் கணுதோறும் வேர்விடும். மண்வெட்டியால் இதனைத் துண்டுதுண்டாகக் கொத்துபவர், அறியாமலே பதியன் போடுகிறார். மண்ணை இளக்கி, தண்டை முழுதாக இழுத்து, சாக்கில் கட்டி அப்புறப்படுத்தி, சீமெந்துத் தரையில் மொறுமொறுவெனக் காயவிட வேண்டும். பச்சையாகக் கூட்டெருக் குழியில் இட்டால் குழியே நாற்றுமேடை ஆகிவிடும். பயிரின்மேல் ஏறிவிட்ட கொடியை அடியில் அறுத்து, இரண்டு மூன்று நாள் வாடவிட்டு, பின்னர் மெல்லப் பிரித்தெடுத்தல் வேண்டும். பச்சைக் கொடியைப் பற்றி இழுத்தால் பயிரின் கிளையும் உடன் முறிந்து வரும்.

மூன்றாம் வகையே அடக்குவதற்கு அரியது. மெக்சிக்கோவிலிருந்து வந்து, அழகுக்காக வாயில்களின்மேல் படரவிடப்படும் கொடி ரோசா இவ்வகையினது. இளஞ்சிவப்புப் பூங்கொத்துக் கண்ணைக் கவரும். மண்ணுக்கடியில் கிழங்குகள் பெருகும். மேற்கொடி முழுவதையும் வெட்டினாலும் கிழங்கில் சேமித்த உணவைக் கொண்டு அது மீண்டும் தளிர்க்கும். அலவாங்கு கொண்டு கிழங்கைத் தோண்டி எடுப்பதே நேர்வழி. மதிலடியில் தோண்ட இயலாதவிடத்து, தளிர் தோன்றுந்தோறும் வாரந் தவறாது கிள்ளிவரவேண்டும். இலை விரிய இடங்கொடாவிட்டால் கிழங்கின் சேமிப்பு சிறிது சிறிதாகக் கரையும். இதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ செல்லலாம். இடையில் ஒரு மாதம் சோர்ந்திருந்தால் முன்செய்த உழைப்பில் பெரும்பகுதி வீணாகும்.

கிழங்கு தோண்டுவோர் கருத்திற் கொள்ளவேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. செம்மஞ்சட் சுடர்போல் மலரும் கார்த்திகைப்பூக் கொடி இந்நாட்டுக்கே உரியது. அந்நியக் களை அன்று. ஆனால் அதன் கிழங்கு கடும் நஞ்சு. வற்றாளைக் கிழங்கு என மயங்கி அதனை உண்டு இலங்கையில் உயிரிழந்தோர் உண்டு. இனந்தெரியாத கிழங்கைச் சமையலறைக்குக் கொண்டு செல்லலாகாது. சிறுவர் கைக்கு எட்டவும் விடலாகாது.

களைநாசினி தெளித்தால் வேலை எளிதன்றோ எனச் சிலர் வினவுவர். 2015 இல் இலங்கை அரசு கிளைபோசேற்றைத் தடைசெய்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. 2022 இல் அத்தடை நீக்கப்பட்டது. சட்டம் எதுவாயினும், அம்மருந்து கொடியையும் கத்தரியையும் பிரித்தறியாது. வற்றாளையும் கங்குனும் சிறுதாளிக்கு நெருங்கிய உறவினங்கள். தாளியைக் கொல்லும் மருந்துக்கு அவையும் தப்புதல் அரிது. அடுத்தடுத்துப் பல பயிர் நிற்கும் சிறு தோட்டத்துக்குக் கையும் உழவாரமுமே ஏற்ற கருவிகள்.

இறுதியாக, கொடிக்கு எல்லை தெரியாது. ஒரு வீட்டார் தம் பக்கத்தைத் துப்புரவு செய்ய, மறுபக்கத்தில் கொடி காய்த்து வெடித்தால், அடுத்த மாரியில் இரு வளவிலும் முளைக்கும். வேலி குறித்த மனத்தாங்கல் பல ஊர்களில் நெடுநாள் நின்றதுண்டு. கொடி குறித்தும் அப்படி ஒன்று எழத் தேவையில்லை. வடகீழ்ப் பருவ மழை தொடங்குமுன், புரட்டாதியில் ஒரு நாளைக் குறித்து, அயலவர் இருவரும் வேலியின் இரு புறமும் நின்று கொடியை அகற்றுவராயின், ஒரு காலைப் பொழுதில் வேலை முடியும். அழகுக்குக் கொடி வேண்டுவோர் தொட்டியில் மல்லிகையை வளர்க்கலாம். பூவும் கிடைக்கும், அயலவர் தோட்டத்துக்கும் தீங்கில்லை.