ஒரு கண்ணுக்கு ஆறு கிலோ

விடியுமுன் பூப்பறித்து முடித்த கையோடு பிள்ளைகளின் பட்டத்தைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோர்களே, பட்டம் பெறும் தம்பி தங்கைகளே!

உசிலம்பட்டிப் பக்கம் இருட்டோடு பறித்த மல்லி மொட்டு மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு பங்கு பெட்டிக்குள் ஐஸோடு விமானம் ஏறி சிங்கப்பூரில் மலர்கிறது. செடி புகை விடவில்லை. ஆனால் கிணற்று மோட்டாரின் கரண்டு, உரம், டீசல், ஐஸ், விமான எரிபொருள் எல்லாம் அந்தப் பூவோடு சேர்ந்தே போகின்றன. அங்கே பூ விற்பவர் தன் கடை விளக்கை மட்டும் கணக்கில் காட்டினால் அதை யார் ஒப்புக்கொள்வார்கள்?

பெரிய நிறுவனங்களின் கணக்கும் இப்படித்தான். தான் எரிக்கும் எரிபொருள் ஒரு கணக்கு. வாங்கும் மின்சாரம் இன்னொன்று. வாங்கிய பொருளிலும் விற்ற பொருளிலும் ஒளிந்திருக்கும் பசுங்குடில் வாயு மூன்றாவது. அதற்கு ‘ஸ்கோப் 3’ என்று பெயர். அதைக் கணக்கிடும் உலகப் பொது முறை 2011இல் வந்தது. பெரும்பாலான நிறுவனங்களில் இந்த மூன்றாவதுதான் மிகப் பெரியது.

அதைக் குறைக்க முடியுமா என்று கேட்பவர்களை நான் மதுரை அண்ணா நகருக்குப் போகச் சொல்வேன். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. இந்த அரங்கில் பலருடைய அப்பத்தாவுக்கு அங்கே பார்வை திரும்பியிருக்கும். அங்கு நடக்கும் ஒரு கண்புரை அறுவைக்கு எவ்வளவு பசுங்குடில் வாயு வெளியாகிறது என்று ஆய்வாளர்கள் அளந்து 2017இல் வெளியிட்டார்கள். கார்பன் டை ஆக்சைடு அளவில் ஏறத்தாழ 6 கிலோ. பிரிட்டனின் கார்டிஃப் நகரில் அதே அறுவைக்கு முன்பு அளந்தபோது வந்தது 180 கிலோவுக்கு மேல். அந்த 180இல் பாதிக்கு மேல் மருத்துவமனை வாங்கிய பொருட்களிலிருந்து வந்தது.

அரவிந்த் என்ன செய்தது? கருவிகளைத் தூக்கி எறியாமல் கிருமி நீக்கி மறுபடி எடுத்தார்கள். அங்கியைத் துவைத்தார்கள். ஒரே சொட்டுமருந்துப் புட்டியைப் பலருக்குப் பயன்படுத்தினார்கள். ஒரே அறையில் இரண்டு மேசைகள் போட்டு, ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவரைத் தயார் செய்தார்கள். ஓர் அறுவைக்குக் கால் கிலோ குப்பைதான் மிஞ்சியது. பாதுகாப்பு குறைந்ததா? அரவிந்தின் 20 லட்சம் அறுவைகளை ஆராய்ந்த அறிக்கை 2019இல் வந்தது. கண்ணுக்குள் ஆன்டிபயாடிக் செலுத்தப்பட்டவர்களில் பத்தாயிரம் பேருக்கு இருவருக்குத்தான் உட்கண் தொற்று. பூமியைக் காப்பதற்காக அவர்கள் இதைத் தொடங்கவில்லை; காசில்லாதவருக்கும் பார்வை வேண்டும் என்று தொடங்கினார்கள். சிக்கனம் அங்கே கருணையிலிருந்து பிறந்தது. அதனால்தான் அந்த 6 கிலோவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பங்குச்சந்தையின் முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 முதல் சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கை தரவேண்டும் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி விதித்தது. நல்ல விதி. ஆனால் மேலே கேட்கும் கேள்வி கீழே சுமையாக இறங்கும். நான் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் இருந்தவள். எங்களுக்குப் பொருள் தரும் வெண்டர்களுக்குக் கார்பன் கணக்கு கேட்டு நீளமான கேள்வித்தாள் ஒன்றை ஆங்கிலத்தில் அனுப்பினோம். கப்பலூரில் பட்டறை வைத்திருந்த ஒருவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் வந்தார். “கரண்டு பில்லு கேட்டா தர்றேன் மேடம். புது மோட்டார் போடச் சொல்றீங்க, அதுக்கு ரேட்டுல ரெண்டு ரூவா கூட்டித் தருவீங்களா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்று பட்ட வெட்கம் இன்றும் போகவில்லை.

மறுவாரம் அவர் பட்டறைக்குப் போனேன். கம்ப்ரசர் குழாயில் மூன்று இடத்தில் காற்று கசிந்தது. வேலை நடக்காத நேரத்திலும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கசிவை அடைத்த செலவு சொற்பம். மூன்று வருட ஆர்டர் எழுத்தில் கொடுக்கச் சொல்லி எங்கள் மேலதிகாரிகளிடம் போராடினேன்; அந்தத் தாளை வைத்து வங்கியில் அவருக்குக் கடன் கிடைத்தது, புது மோட்டார் வந்தது. கேள்வித்தாள் செய்யாததை அந்த ஆர்டர் செய்தது.

இந்தக் கார்பன் கணக்கு நமக்கு எதற்கு? நாம் வானத்தை நம்பிய ஊர்க்காரர்கள். வைகை அணை நிறைந்தால்தான் 58 கிராமக் கால்வாயில் நமக்குத் தண்ணீர். பூமி சூடாகிப் பருவம் தப்பும்போது முதலில் காய்வது நம் கண்மாய்.

உங்களில் சிலர் திருப்பூருக்குப் போவீர்கள், சிலர் மில்லுக்கு, சிலர் வங்கிக்கு. கொள்முதல் மேசையில் உட்காருபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கொட்டேஷன் ஒப்பிடும் தாளில் விலை, தரம், தேதி என்று மூன்று கட்டங்கள் இருக்கும். நான்காவதாகக் கார்பனுக்கு ஒரு கட்டம் போடுங்கள். அதை நிரப்பத் தெரியாத வெண்டரைத் தள்ளிவிடாதீர்கள். பஸ் ஏறி அவர் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். அந்தக் கட்டம் எதற்கு என்று மேலாளர் கேட்டுப் பதில் சொல்ல முடியாமல் நின்றால் என்னைக் கூப்பிடுங்கள். என் போன் நம்பரைக் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்.