சுமந்தவரையும் நினைப்போம்

(இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தென்னமெரிக்காவின் பெரு நாட்டிலே, அந்தீஸ் மலைத்தொடரில், ஏறத்தாழ 2,430 மீற்றர் உயரத்தில் மச்சு பிச்சு என்னும் பழம்பதி உண்டு. 15ஆம் நூற்றாண்டில் இன்கா மக்கள் அமைத்தது. இரும்புக் கருவியும் சக்கர வண்டியும் இன்றி, சாந்தும் பூசாது, கல்லோடு கல்லைப் பொருத்திய அவர்தம் திறம் வியத்தற்குரியது.

அவர்கள் இட்ட கற்பாதையில் இன்றும் பிரயாணிகள் நடக்கின்றனர். ஏறத்தாழ 43 கிலோமீற்றர். நான்கு நாட் பயணம். இரண்டாம் நாள் 4,200 மீற்றருக்கு மேலான கணவாயைக் கடத்தல் வேண்டும். பத்தடி வைப்பதற்குள் மூச்சு வாங்கும். இறுதி நாளிற் கதிரவன் வாயிலிலே நின்று நோக்கினால், பழம்பதி கண்முன்னே விரியும்.

ஆயின், கூடாரமும் உணவும் சுமந்து முன்னே விரைபவர் யாவர்? கெச்சுவா மொழி பேசும் குடியானவர் பலர். நாளொன்றுக்கு அனுமதி பெறும் 500 பேரிற் பெரும்பகுதியினர் சுமைகாரரும் வழிகாட்டிகளுமே. ஒருவர் 20 கிலோகிராமுக்கு மேற் சுமத்தலாகாதெனச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று!

1911இல் ஹைரம் பிங்கம் என்னும் அமெரிக்கர் இப்பதியைக் 'கண்டுபிடித்தார்' என்று நாம் படித்தோம். அன்று அங்கே உழவர் குடும்பங்கள் பயிரிட்டு வாழ்ந்தன. இடிபாடுகளுக்கு அவரை அழைத்துச் சென்றவன் ஒரு சிறுவன். அவன் பெயரை நம்முள் எத்தனை பேர் அறிவர்?

நண்பர்களே, சிகரம் ஏறியவரைப் போற்றுவோம். வழிகாட்டியவரையும் சுமை சுமந்தவரையும் மறந்து போற்றுவது அரைப் புகழே.