நூலகத்தின் துண்டறிக்கை யாருக்கு?

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



பத்தாண்டுகள் தமிழ்ப்பணி ஆற்றிய ஓர் அமைப்பின் விழாவில் ஒரு சிறு தாளைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நூலக நிகழ்ச்சிக்காக அச்சிடப்பெறும் துண்டறிக்கையே அந்தத் தாள். மக்கள் வழக்கில் அது 'நோட்டீஸ்'. எவ்வளவு சிறந்த நிகழ்ச்சியாயினும், அதன் வாயிற்கதவு இந்தத் தாள்தான்.

சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931ஆம் ஆண்டு நூலக இயலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டு என்பது அவற்றுள் மூன்றாவது. அந்த வாசகரைத் தேடிச் செல்லும் கடமை நூலகத்திற்கு உண்டு என்பது அதிலிருந்து பெறப்படும் பொருள். அதே ஆண்டு அக்டோபரில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. ஊருக்குள் வண்டி வந்து நிற்பதே அங்கு அறிவிப்பாயிற்று. 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. ஆகவே, நூலகப் படியை ஒருநாளும் மிதிக்காதவரும் அதற்குப் பங்களித்தவரே. அவருக்குத் தரும் துண்டறிக்கை சலுகை அன்று. உரிமையாளருக்குச் சேர வேண்டிய செய்தி.

ஆனால் வழக்கமான துண்டறிக்கை எப்படி இருக்கிறது? முக்கால் பங்கை முன்னிலை வகிப்போர், வாழ்த்துரை வழங்குவோர் பெயர்களும் பட்டங்களும் நிரப்புகின்றன. நாளும் நேரமும் அடியில் பொடி எழுத்தில் ஒடுங்குகின்றன. அதைப் படித்து வருபவர், துண்டறிக்கை இல்லாவிட்டாலும் வரக்கூடியவரே. வாராதவர் வாராமலே போகிறார்.

பழவேற்காட்டில் ஏரிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த லைட்ஹவுஸ் குப்பத்தை எண்ணிப் பார்க்கலாம். கடலுக்குச் செல்வோரின் பொழுதைக் காற்றும் நீரோட்டமும் வகுக்கின்றன. மீன் விற்கும் பெண்களின் பொழுதைச் சந்தை வகுக்கிறது. ஏரிக்கரை ஊர்கள் சிலவற்றில் 'பாடு' என்னும் முறைப்படி வலைவிடும் நாள் இன்னார்க்கு இன்னது என்று ஒதுக்கப்படுகிறது. தம் முறை வந்த நாளில் எவரும் சொற்பொழிவுக்கு வரமாட்டார். 'காலை பத்து மணி' என்று நகரத்தில் அமர்ந்து அச்சிட்ட தாள், பாதி ஊரை அழைக்கும் முன்பே விலக்கிவிடுகிறது. எனவே வடிவமைப்பின் முதற்பணி எழுத்துருவைத் தேர்வது அன்று. ஊராரிடம் நேரம் கேட்பது.

அடுத்தது தலைப்பு. நெய்தல் நிலப் பாடல்களைப் பற்றி அங்கு ஒரு நிகழ்ச்சி நடத்துவதாகக் கொள்வோம். 'சங்க இலக்கியத்தில் நெய்தல் திணை: ஓர் ஆய்வு' என்று அச்சிட்டால், அது பேராசிரியர்களுக்கான கூட்டம் என்று ஊரார் ஒதுங்குவர். 'சுறாவும் இறாலும் தாழையும் புன்னையும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் எப்படிப் பாடப்பட்டன? கேட்க வாருங்கள்; கடல் பற்றிப் பிழையாகச் சொன்னால் திருத்துங்கள்' என்று எழுதினால் நிலை மாறும். கொண்டலும் வாடையும் அன்றாடம் அறிந்த அவர்கள் அங்கே மாணவராகவும் ஆசிரியராகவும் அமர்வர். தலைப்பு எளிமையானதால் பொருள் தாழ்ந்துவிடவில்லை.

தலைப்பின்கீழ் இடம்பெற வேண்டியவை சிலவே: நாள், கிழமை, நேரம், இடம். இடத்தைக் கதவு எண்ணால் குறிப்பதைவிட, எல்லோரும் அறிந்த அடையாளத்தால் குறிப்பது நன்று. 'கட்டணம் இல்லை; உறுப்பினராக வேண்டியதில்லை; கைக்குழந்தையோடும் வரலாம்' என்ற மூன்று தொடர்கள் பலரின் தயக்கத்தைப் போக்கும். படம் ஒன்று போதும். எழுத்துப் பெரிதாகவும், சுற்றிலும் வெற்றிடம் சற்று மிகுதியாகவும் இருக்கட்டும். ஒரு தாளில் ஒரு நிகழ்ச்சி மட்டுமே. பெரியோர் பெயர்களை மேடையில் சொல்லிப் போற்றலாம்.

இன்னொன்று உண்டு. எழுத்தறியாத பாட்டிக்குப் பேரன் படித்துக் காட்டும்போது, காதில் விழுந்த அளவிலேயே பொருள் விளங்க வேண்டும். அச்சுக்கு அனுப்புமுன் உரக்கப் படித்துப் பார்ப்பதே இதற்குத் தேர்வு. மூச்சு முட்டும் தொடரை இரண்டாகப் பிரித்துவிட வேண்டும்.

தாளைச் சேர்க்கும் இடமும் கருதத்தக்கது. நூலகப் பலகையில் ஒட்டினால் நூலகத்திற்கு வருவோர் மட்டுமே காண்பர். மீன் ஏலம் நடைபெறும் கரை, தேநீர்க் கடை, நியாயவிலைக் கடை, பள்ளி வாயில் ஆகிய இடங்களில் கையில் கொடுத்து இரண்டு சொல் பேசினால் தாளுக்கு உயிர் வரும். நிகழ்ச்சி முடிந்தபின், முதன்முறை வந்தவர் எத்தனை பேர், எவ்வழி அறிந்தனர் என்று கேட்டுக் குறித்து வைத்தால் அடுத்த தாள் இன்னும் செம்மைப்படும்.

நிரம்பிய அரங்கைக் கண்டு மகிழ்வது இயல்பு. எனினும், துண்டறிக்கையின் வெற்றியை முன்வரிசையில் அளக்க இயலாது. 'இது நமக்கான இடம் அன்று' என்று எண்ணியிருந்த ஒருவர், தாளைக் கையில் பிடித்தபடி வாயிலில் தயங்கி நிற்பாராயின், அந்தத் தாள் தன் கடமையைச் செய்துவிட்டது. அவரை உள்ளே அழைத்து அமரச் செய்வது இத்தகைய வட்டங்களின் கடமை.