கிணறும் மழைமானியும்

(எல்லைப்பகுதித் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர், பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சமூகம் எதிர்கொள்ளும் எட்டுப் பிரச்சினைப் பகுதிகளினூடாகவே பாடங்களைக் கற்பிக்க வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் கேரளப் பாடத்திட்டச் சட்டகம் கூறியது. நிலத்தையும் நீரையும் முறையாகப் பேணாமை அவற்றுள் ஒன்று. மறு ஆண்டே ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் நூல் தெருவில் எரிக்கப்பட்டது. குழந்தைகள் கேள்வி கேட்பதைக் கண்டு அஞ்சுவோர் யார் என்பதை அன்று கண்டோம்.

இன்றோ, கடையில் வாங்கிய படங்களை ஒட்டி மதிப்பெண் பெறுவதே பல இடங்களில் செயல்திட்டம் ஆகிவிட்டது. பாடமோ நம் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது.

பாலக்காடு மாவட்டம், பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் 2000ஆம் ஆண்டு கோக்கோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. கிணற்று நீர் கெட்டுவிட்டது என்று முதலில் சொன்னவர்கள் ஆய்வாளர்கள் அல்லர். அதில் சோறு பொங்கிய பழங்குடிப் பெண்கள். 2002 ஏப்ரல் 22இல் போராட்டம் தொடங்கியது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. இழப்பு 216.26 கோடி ரூபாய் என 2010இல் உயர்நிலைக் குழு மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காக 2011இல் சட்டப்பேரவை நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

ஊருக்குப் பத்துக் கிணறுகள் போதும். மாதந்தோறும் நீர்மட்டத்தையும் கடினத்தன்மையையும் அளந்து மாணவர்கள் பதிவு செய்யட்டும். வேதியியலும் கணக்கும் அதிலேயே வந்துவிடும். ஓராண்டுப் பதிவு கையில் இருந்தால், பெண்களின் சொல்லை எவரும் எளிதில் தள்ளிவிட முடியாது.

இடுக்கியின் தோட்டப் பகுதிக்கு வேறு பாடம் தேவை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களில் உறங்கிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைப் புதைத்தது. எழுபது பேரை இழந்தோம். செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில்தான். மீனச்சிலாற்றுப் படுகையில் மாணவர்களும் ஊர்மக்களும் மழைமானி வைத்து அளந்து, அளவுகளை உடனுக்குடன் பகிர்ந்துகொள்கிறார்கள். லயத்துப் பள்ளிகளிலும் அது கூடும். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: அளப்பது மாணவர் வேலை, பாதுகாப்பான வீடு தருவது நிர்வாகத்தின், அரசின் கடமை. மழைமானியைக் காட்டி எவரும் அதிலிருந்து நழுவக்கூடாது.

அறிக்கையைத் தமிழிலேயே எழுதச் செய்யுங்கள். கிராம சபையில் மாணவரே படிக்கட்டும். அரசுக்குத் தமிழில் எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் நமக்கு உரிமை தந்திருக்கிறது. பதில் வரவில்லையென்றால், அடுத்த கிராம சபையில் அதையும் கேட்போம்.