போம் நிரப்புவதும் ஒரு பரீட்சைதான்

(தோட்டப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்குமான வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏ.எல். முடித்த நம் பிள்ளைகளில் சிலர் வெளிநாட்டில் படிக்கவும் வேலை செய்யவும் ஐ.ஈ.எல்.டீ.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கிறார்கள். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று அதில் நான்கு பகுதி. அதற்கு எப்படிப் படிப்பது என்று நான் இன்றைக்குச் சொல்லப் போவதில்லை. அதற்கு முந்தின வேலை ஒன்று இருக்கிறது. அதுதான் போம் நிரப்புவது. "இதில் என்ன இருக்கு, பேரும் விலாசமும்தானே" என்பீர்கள். அந்தப் பெயரில்தான் சங்கதியே இருக்கிறது.

நம் வீடுகளில் ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர் இருக்கும். பிறப்புப் பதிவில் ஒன்று, பள்ளிக்கூட இடாப்பில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று. ஆளை மாற்றி எழுதியதாக நான் சொல்லவில்லை. ஒரு பத்திரத்தில் செல்வராணி என்ற பெயர் ஆங்கில எழுத்து 'ஐ'யில் முடியும். மற்றதில் 'வை'யில் முடியும். ஒன்றில் தகப்பன் பெயர் முழுசாக இருக்கும். மற்றதில் முதலெழுத்து மட்டும். நமக்கு இரண்டும் ஒரே செல்வராணிதான். ஆனால் பரீட்சை மண்டபத்து வாசலில் நிற்கிறவருக்கு அப்படியில்லை. போமில் உள்ள பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் வேலை.

ஆகவே போமைத் தொடுவதற்கு முன் எல்லாப் பத்திரத்தையும் பாயில் வரிசையாக விரித்து வையுங்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பதை எழுதுங்கள். மற்றப் பெயர்கள் என்ற கட்டத்துக்கும் அப்படித்தான். தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்று நம் வழக்கத்தை இங்கே யோசிக்க வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ளது உள்ளபடி. போமில் எந்தப் பாஸ்போர்ட் இலக்கத்தைக் கொடுத்தீர்களோ அதே பாஸ்போர்ட்டைத்தான் பரீட்சை நாளில் கொண்டுபோக வேண்டும்.

பாஸ்போர்ட்டிலேயே பிழை என்றால்? போமில் திருத்தி எழுதிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். முதலில் பத்திரத்தைத் திருத்துங்கள். பிறப்புப் பதிவில் உள்ள பிழைக்குப் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவில் கேளுங்கள். நாள் எடுக்கும். எடுத்தாலும் அதுதான் வழி.

அடுத்தது, எந்த நாட்டவர் என்ற கட்டம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் பலரின் பிறப்புப் பத்திரத்தில் பெற்றோரின் இனம் 'இந்தியத் தமிழர்' என்று பதிந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளை போமில் 'இந்தியர்' என்று எழுதிவிடும். அது பிழை. அந்தக் கட்டம் இனத்தைக் கேட்கவில்லை, பிரஜாவுரிமையைக் கேட்கிறது. அதில் 'இலங்கையர்' என்றே எழுத வேண்டும்.

இந்த ஒரு சொல்லுக்காக நம் தாத்தா பாட்டிமார் பட்டபாடு கொஞ்சமல்ல. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவர்களானோம். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலானோர் நிராகரிக்கப்பட்டார்கள். போதிய அத்தாட்சி இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். 1964இல் ஒப்பந்தம் போட்டு நம் சனத்தை இரண்டு நாட்டுக்கும் பங்கு பிரித்தார்கள். மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வழி பிறந்தது. பத்திரம் சரியில்லாமல் ஒரு சமூகமே தவித்த கதை நம்முடையது. அந்தக் கட்டத்தை நிரப்பும்போது இதை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பரீட்சையின் வகை. உயர்கல்விக்கு ஒரு வகை, வேலைக்கும் குடியேற்றத்துக்கும் பொதுப் பயிற்சி என்று இன்னொரு வகை. பிரித்தானிய விசாவுக்கென்று தனியாகவும் உண்டு. எது வேண்டும் என்று நீங்கள் போகப்போகும் பல்கலைக்கழகத்திடமோ வேலை தருபவரிடமோ எழுத்தில் கேட்டுவிட்டு அடையாளமிடுங்கள். மாறிப்போனால் கட்டிய காசு வீண். அந்தக் கட்டணத்துக்குக் கொழுந்து எடுக்கிற ஒரு தாயின் ஒரு மாதச் சம்பளம் போதாது. பெறுபேற்றைப் பொதுவாக இரண்டு வருசத்துக்குத்தான் ஏற்பார்கள். ஆகவே ரொம்ப முந்தியும் எழுத வேண்டாம்.

நான்காவது, தொடர்பு விபரம். எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சியின் போமை டவுனில் ஒருவர் நிரப்பிக் கொடுத்தார். ஈமெயில் என்ற இடத்தில் தன்னுடையதையே போட்டுக்கொண்டார். பரீட்சைத் திகதி, நேரம், பெறுபேறு எல்லாம் அவருக்கே போனது. ஒவ்வொன்றையும் கேட்டு வாங்க ஒவ்வொரு தடவையும் காசு. பிள்ளையின் பரீட்சை, பிள்ளையின் காசு, திறப்பு மட்டும் இன்னொருவர் கையில்! உதவி கேட்பதில் தப்பில்லை. ஆனால் ஈமெயிலும் போன் நம்பரும் உங்களுடையதாக இருக்கட்டும். கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள். விலாசத்தில் தோட்டம், பிரிவு, தபால் நிலையம் எல்லாவற்றையும் எழுதுங்கள். கடிதம் தோட்ட ஒபீசில் கிடந்து தாமதமாகுமென்றால், நம்பிக்கையான வேறொரு விலாசத்தைக் கொடுங்கள்.

மற்றவை சின்ன விசயங்கள். பிறந்த திகதியில் நாள் எது, மாதம் எது என்று பார்த்து எழுதுங்கள். தாய்மொழி தமிழ் என்று கூச்சப்படாமல் எழுதுங்கள்; அதற்காகப் புள்ளி குறையாது. பார்வையிலோ கேட்பதிலோ குறைபாடு இருந்தால் மறைக்க வேண்டாம். விசேட ஏற்பாடு கேட்க இடம் உண்டு. நேரத்தோடு அறிவித்தால் செய்து தருவார்கள்.

கடைசியாக ஒன்று. அனுப்புவதற்கு முன் போமை வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் பரவாயில்லை. பாஸ்போர்ட்டையும் போமையும் பக்கத்தில் வைத்து, "இந்த எழுத்தும் அந்த எழுத்தும் ஒன்றா?" என்று பார்க்க அம்மாவாலும் முடியும். கொழுந்தில் முற்றல் இலையைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு இது பெரிய வேலையா?

நம் பெரியவர்கள் யாரோ நிரப்பிய தாளில் கைநாட்டு வைத்தார்கள். நீங்கள் உங்கள் போமை நீங்களே வாசித்து, நீங்களே நிரப்பி, நீங்களே ஒப்பமிடுங்கள்.