கடலைப் படித்த செருப்புத் தொழிலாளி



ஜூபிலி ஆண்டிலே நம் ஆலயத்தை எழுப்பியவர்களையும் பங்கை வழிநடத்தியவர்களையும் நன்றியோடு நினைவுகூர்கிறோம். ஊருக்குள்ளேயே இருந்தும் ஊராரின் கண்ணில் படாமல் வாழ்கிறவர்களும் உண்டு. அத்தகைய ஒருவரைப் பற்றி இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறோம். அவர் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள பான்ஃப் என்னும் சிற்றூரில் செருப்புத் தைத்துப் பிழைத்த தாமஸ் எட்வர்டு.

1814-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று ஏழைக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். கையில் அகப்பட்ட பூச்சி, பறவை, அட்டை எதையும் அந்தச் சிறுவன் விடமாட்டான். அவற்றைப் பள்ளிக்கும் கொண்டுபோனான். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பள்ளிகள் அவனை வெளியேற்றின. ஆறு வயதிலே புகையிலைத் தொழிற்சாலையில் வேலை. பதினோரு வயதிலே செருப்புத் தைக்கும் தொழில். அதோடு படிப்பு முடிந்தது. ஆனால் ஆர்வம் முடியவில்லை.

பகலெல்லாம் உழைத்தார். இரவிலே வயல்களிலும் கடற்கரையிலும் சுற்றித் திரிந்து, குளிரிலும் மழையிலும் குகைகளில் ஒதுங்கி, உயிரினங்களைக் கவனித்தார். அரிதின் முயன்று சேர்த்தவற்றை 1846-இல் அபர்டீன் நகரில் காட்சிக்கு வைத்தார். பார்க்க வந்தோர் மிகச் சிலரே. கடன் கழுத்தை நெரித்தது. பல ஆண்டு உழைப்பை 20 பவுனுக்குச் சற்று மேலான தொகைக்கு விற்றுவிட்டார். மனமுடைந்து, உயிரையே விட்டுவிட எண்ணிக் கடற்கரைக்குச் சென்றவர், அங்கே புதிய பறவையொன்றைக் கண்டு அதன் பின்னே ஓடினாராம்; வந்த எண்ணம் மறந்தே போயிற்றாம். அவருடைய வாழ்க்கை வரலாறு இதைக் கூறுகிறது.

இரவு அலைச்சலால் உடல் நலிந்தபின், தம் கவனத்தைக் கடலின் சிற்றுயிர்கள் மேல் திருப்பினார். ஆழ்கடலில் வலை வீசப் படகேது, பணமேது? மீனவர் கழித்துப் போட்டவற்றைக் கிளறினார். மீன்களின் இரைப்பையைத் திறந்து, அவை கடலடியில் விழுங்கியதை ஆராய்ந்தார். மீனவர் ஊர்களுக்குச் சென்று அவற்றைச் சேர்த்துவர அவருடைய பெண்மக்கள் உதவினர். ஊரார் குப்பை என்று ஒதுக்கியதே அவருக்குப் பாடநூலாயிற்று! நண்டு, இறால் வகையைச் சேர்ந்த உயிரினங்களில் மட்டும் 170-க்கு மேற்பட்டவற்றை அக்கரையில் கண்டெடுத்தார். அவற்றுள் 20-க்குக் குறையாதவை அதுவரை அறிவியல் அறியாதவை. ஸ்பென்ஸ் பேட், வெஸ்ட்வுட் என்னும் அறிஞர்கள் அவ்வகை உயிர்களைப் பற்றி எழுதிய பெருநூலுக்கு அவர் அனுப்பியவை பெரிதும் பயன்பட்டன.

1866-இல் லண்டனிலுள்ள லின்னேயன் சங்கம் அவரைத் தன் இணை உறுப்பினராக ஏற்றுக் கௌரவித்தது. ஆயினும் அவர் தொடர்ந்து செருப்புத்தான் தைத்தார். 1876-இல் சாமுவேல் ஸ்மைல்ஸ் அவருடைய வாழ்க்கையை நூலாக எழுதிய பின்னரே உலகம் விழித்தது. விக்டோரியா அரசியார் ஆண்டுக்கு 50 பவுன் உதவித்தொகை அளித்தார். அன்று அவரைப் பாராமுகமாக விட்ட அபர்டீன் நகரம், 1877-இல் அழைத்துப் பணமுடிப்பு வழங்கிப் பாராட்டியது. அப்போது அவருக்கு வயது 62! 1886-இல் அவர் காலமானார்.

பாராட்டு வந்தது நல்லதே. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால்? கடன்பட்டு நின்ற அந்த மனிதருக்கு ஒரு நல்ல சொல், சில நூல்கள், ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி கிடைத்திருந்தால்? வறுமை அவரை நிறுத்தவில்லை என்று நாம் பெருமை பேசுகிறோம். ஆனால் அவர் இழந்தவற்றை யார் ஈடுசெய்வார்?

பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே, சட்டைப் பையில் நண்டுக் குஞ்சோடு வீட்டுக்குள் நுழையும் பிள்ளையை அதட்டுமுன், "இது எங்கே கிடைத்தது?" என்று ஒருமுறை கேளுங்கள். இளைஞர்களே, பட்டமில்லையே என்று சோர்ந்து போகாதீர்கள். கண்ணும் பொறுமையும் உங்களிடம் உண்டு. நம் தெருவில் வாழும் ஒருவரின் அருமையைத் தூரத்து நகரத்தார் வந்து சொல்லும்வரை காத்திராமல், அவர் உழைக்கும் நாளிலேயே கைகொடுப்போம். இதுவே இந்த ஜூபிலி ஆண்டில் நாம் உங்களிடம் வைக்கும் வேண்டுகோள்.