நோயாளியின் வீட்டில் கடன் வளரலாமா?

(மீஞ்சூரில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் சாந்தியும் சமாதானமும் உண்டாவதாக!



நபி (ஸல்) அவர்கள் தம் தொழுகையில் கடனிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி வந்தார்கள் என்பதைப் புகாரியில் காண்கிறோம். நோய்க்கு மருந்து செய்துகொள்ளுமாறும் அவர்கள் ஏவினார்கள். அல்லாஹ் எந்த நோயையும் நிவாரணமின்றி இறக்கவில்லை என்றும் கற்றுத் தந்தார்கள். நோயும் கடனும் ஒரே வீட்டில் சேர்ந்து குடியேறினால் அந்தக் குடும்பத்தின் நிலை என்ன? அவர்கள்பால் ஜமாஅத்தின் கடமை என்ன? இன்று இதைச் சிந்திப்போம்.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி என்னும் இரு கிருமிகள் உள்ளன. உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஏறத்தாழ 2 கோடியே 98 இலட்சம் பேரிடம் பி வகையும், 55 இலட்சம் பேரிடம் சி வகையும் இருந்தன. இவை பல்லாண்டுகள் எந்த வலியும் தராமல் உடலில் தங்கியிருக்கும். பிறகு சிலருக்குக் கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, புற்றுநோயாகவும் முற்றிவிடும். உழைக்கும் வயதில் குடும்பத் தலைவர் படுத்துவிடுகிறார்.

சகோதரர்களே! அத்திப்பட்டு அனல்மின் நிலையம், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் என்று நம் பகுதியில் ஒப்பந்தக் கூலிக்கு உழைப்போர் ஏராளம். அத்தகைய ஒருவருடைய நாள்கூலி 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குச் சென்றால் ஆண்டில் 12 நாள் கூலி, அதாவது 8,400 ரூபாய் போய்விடும். துணைக்கு வருபவரும் அதே கூலி வாங்குபவராயின் 16,800 ரூபாய். மருந்து, பரிசோதனை, இரயில், பேருந்துச் செலவுகள் இதில் சேரவில்லை.

இந்த இடத்தில்தான் வட்டி நுழைகிறது. நூற்றுக்குப் பத்து என்று மாத வட்டிக்கு 50,000 ரூபாய் வாங்கியவர் ஆண்டில் 60,000 ரூபாய் வட்டியாகவே கொடுக்கிறார். அசல் அப்படியே நிற்கிறது. கந்துவட்டியைத் தமிழக அரசு 2003ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடுத்தது. அல்லாஹ்வோ வட்டி அனைத்தையும் விலக்கி, கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கவும், தள்ளுபடி செய்வது இன்னும் சிறந்தது என்றும் வழிகாட்டுகின்றான் (2:280).

வளைகுடா வேலையை நம்பியிருக்கும் குடும்பங்களின் துயரம் வேறு. அங்கே செல்வோருக்கான மருத்துவப் பரிசோதனையில் இவ்விரு கிருமிகளும் சோதிக்கப்படுகின்றன. நகையை அடகு வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டிய இளைஞர், தகுதியில்லை என்ற முடிவோடு திரும்புகிறார். நோய் இருப்பதே அன்றுதான் அவருக்குத் தெரிகிறது. பணம் கட்டுவதற்கு முன்பே இப்பரிசோதனையைச் செய்துகொண்டால் கடனாவது மிஞ்சாது. சிகிச்சையும் காலத்தே தொடங்கும்.

நாம் அறிந்துகொள்ள வேண்டிய நற்செய்தியும் உண்டு. சி வகைக்கு முன்பு 24 முதல் 48 வாரங்கள் வரை வாரந்தோறும் இன்டர்ஃபெரான் ஊசி போட வேண்டியிருந்தது. செலவு இலட்சங்களில் போயிற்று. 2013 இறுதியில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் மாத்திரை வந்தபோது ஒரு மாத்திரையின் விலை 1,000 டாலர்! 2014இல் இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கிடைத்ததும் அதன் விலை பன்மடங்கு இறங்கிற்று. இன்று பெரும்பாலோருக்கு 12 வாரச் சிகிச்சை போதும்; நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவில் முழுமையாகக் குணமடைகின்றனர்.

பி வகையைப் பொதுவாக வேரோடு களைய இயலாது. எனினும் டெனோஃபோவிர், என்டகாவிர் போன்ற மாத்திரைகள் அதை அடக்கி வைக்கின்றன. யாருக்கு மாத்திரை தேவை, யாருக்குக் கண்காணிப்பு மட்டும் போதும் என்பதை மருத்துவரே முடிவு செய்வார். கையில் காசில்லை என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். கிருமி மீண்டும் சீறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இவ்விரு வகைகளுக்கும் பரிசோதனையும் மருந்தும் அரசு சிகிச்சை மையங்களில் இலவசம். பொன்னேரி அரசு மருத்துவமனையிலோ, ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ சென்று விசாரியுங்கள். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் அந்த உரிமையையும், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் அதையும் பயன்படுத்துங்கள். இலவசமாய்க் கிடைப்பதை அறியாமல் வீட்டை அடகு வைப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடுகிறோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 1988ஆம் ஆண்டு லான்செட் இதழில் அதைப் பற்றி நம்பிக்கையூட்டும் ஆய்வை வெளியிட்டது உண்மையே. ஆனால் பின்னர் வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அப்பலன் கிட்டவில்லை. கண்ணின் மஞ்சள் மறைந்தது என்பதால் இரத்தத்தில் கிருமி மறைந்தது என்று பொருளல்ல. அதை இரத்தப் பரிசோதனையே சொல்லும்.

வருமுன் காப்பதும் நம் கையில் இருக்கிறது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து பி வகைக் கிருமி தொற்றிய குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது நிலைத்துவிடுகிறது. ஆகவே கர்ப்பிணிகள் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் தடுப்பூசி போட வேண்டும். அகீகாவுக்கு முடி இறக்கும்போதும், கத்னா செய்யும்போதும், ஹஜ், உம்ராவில் தலை மழிக்கும்போதும் ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடு அடுத்தவர் மேல் படக்கூடாது. உலர்ந்த இரத்தத்திலும் பி கிருமி ஏழு நாள்கள் வரை உயிர்த்திருக்கும்.

அதே வேளையில், ஸலாம் சொல்லிக் கைகுலுக்குவதாலும், ஒரே ஸஹனில் அமர்ந்து உண்பதாலும் இக்கிருமிகள் பரவுவதில்லை. அவ்வாறிருக்க, விருந்தில் அவரைத் தனியே உட்கார வைப்பதும், அவர் வீட்டுப் பெண்ணின் நிகாஹ் பேச்சை முறிப்பதும் எந்த மார்க்கத்தில் உள்ளவை? இந்த ஒதுக்குதலுக்கு அஞ்சித்தான் பலர் நோயை மறைக்கின்றனர். மறைத்த நோய் முற்றுகிறது. முற்றிய நோய் சொத்தைத் தின்கிறது. ஆனால் திருமணம் பேசும்போது மறைப்பதும் அநீதியே. தடுப்பூசி இருக்கையில் உண்மையைச் சொல்லித் துணையைக் காப்பதற்கு வழி இருக்கிறது.

கண்ணியத்திற்குரியவர்களே! ஜகாத் பெற உரிமையுள்ள எட்டு வகையினரில் ஏழைகளோடு கடனில் மூழ்கியோரையும் அல்லாஹ் சேர்த்துள்ளான் (9:60). மருத்துவத்திற்காகக் கடன்பட்டு, அடைக்க வழியின்றித் தவிப்பவரை நாம் ரமளானில் நினைத்தோமா? ஆளுக்கு நூறு, இருநூறு என்று பிரித்துக் கொடுத்துவிடாமல், ஜகாத்தைத் திரட்டி ஒரு குடும்பத்தின் கடனையாவது முழுமையாக அடைப்போம். பைத்துல்மால் வழியாக வட்டியில்லாக் கடன் கொடுப்போம். மருத்துவமனை நடைமுறை அறிந்த இளைஞர் ஒருவரை நோயாளியுடன் அனுப்புவோம். முதலாளிகளாக இருப்போர், சிகிச்சைக்குப் போகும் நாளின் கூலியைப் பிடிக்காதிருங்கள்; அதுவும் தர்மமே. நோயாளியை நலம் விசாரிப்பது முஸ்லிமின் கடமைகளுள் ஒன்று. விசாரிக்கும்போது, "மருந்து முடிந்துவிட்டதா? கடன் ஏதும் உண்டா?" என்றும் தனியாக, அவர் மானம் குலையாமல் கேளுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவையும், கடனாளிகளுக்கு விடுதலையையும், வசதி படைத்தோருக்குக் கொடுக்கும் மனதையும் தந்தருள்வானாக! ஆமீன்.